மூணாம் வரிசை, முதல் இலை

என் அக்கா உலகம்மாளின் கல்யாணத்தில் எந்தக் குறையும் இல்லை. மாப்பிள்ளையால் மட்டும்தான் உள்ளே வர முடியவில்லை.

ஊர்வலம் மண்டப வாசலுக்கு வந்தது. கதவு நாதஸ்வரக்காரரின் கட்டைவிரலைப் பார்த்து, "வேலையாள் வருகிறார்" என்று அறிவித்து வழி விட்டது. தவில்காரருக்கும் விட்டது. பெண்கள் ஆரத்தித் தட்டோடு தயாராக நின்றார்கள். மாப்பிள்ளை தாணு அத்தான் மாலையைச் சரிசெய்துகொண்டு, உள்ளே வைக்க வலது காலைத் தூக்கியபடி கைக் கட்டைவிரலைக் காட்டினார். கதவு எண்ணைப் படித்தது, கணக்குப் போட்டது, பிறகு மிகப் பணிவான குரலில் சொன்னது:

"மன்னிக்கணும், ஆள் தெரியலையே."

அத்தான் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

எண் இல்லாத காலத்தில் பிறந்த யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எண் என்பது வீட்டோடு வருவது. புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் 10.84.31 என்று ஆரம்பிப்போம். கடைசி எண் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். கட்டைவிரல் நகத்துக்கு அடியில் அரிசிக் குருணை அளவில் அது இருக்கும். வீடு மாறினால் எண்ணும் மாறும். முன்பெல்லாம் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும்தான் இப்படி எண் இருந்ததாம். எதிரில் இருப்பது நம்ம வலையா, வெளிவலையா என்று அவை கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பேசுமாம். மனிதர்களுக்கு அந்தப் பழக்கம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

கதவுகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது திருடர்களைத் தடுக்கத்தான். திருடர்கள் ஜன்னல் வழியாக வந்தார்கள். கதவு வழியாக வந்துகொண்டிருந்த மற்றவர்கள்தான் நின்றுபோனார்கள். எண் கொடுத்தபோது ஒவ்வொரு சங்கமும் தன் ஆட்களுக்கு அடுத்தடுத்த எண்களாக மொத்தமாக வாங்கிக்கொண்டது. அதன் பிறகு கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் போதவில்லை. பதினொன்றாவதாக வலைப் பொருத்தம் வந்தது. முதல் பத்தில் எது குறைந்தாலும் பரிகாரம் உண்டு. பதினொன்றாவதற்குக் கிடையாது. எங்கள் சங்கத்தில் வெளிவலையில் பெண் கொடுப்பதில்லை.

சங்கத்தின் செயலாளர் என் சித்தப்பா ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில் எங்கள் ஆட்கள் வீட்டுக் கதவுகள், சங்கத்து மண்டபத்தின் கதவுகள் எல்லாம் அவர் கட்டைவிரலுக்குக் கட்டுப்பட்டவை. ஜாதகத்தை ஜோசியரிடம் கொடுப்பார். வலைப் பொருத்தத்தை மட்டும் தானே பார்ப்பார், அதுவும் கருவியில் போடாமல், வெறும் கண்ணால். "மெஷினு ஓரளவுக்குத்தாம்ல. எண்ணைப் பாத்த உடனே ஒரு களை தெரியணும்" என்பார்.

தாணு அத்தானின் எண் வந்த அன்று சித்தப்பா அதைக் கண்ணிலிருந்து தள்ளி, கிட்ட வைத்து, மறுபடி தள்ளிப் பார்த்தார். "நமக்கு முப்பத்தொண்ணு, அவியளுக்கு முப்பத்திரண்டு. அடுத்த வீடு மாதிரில்லா இருக்கு! கண்ணை மூடிட்டுக் குடுக்கலாம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தார்.

நிச்சயதார்த்தம் மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. எங்கள் கூட்டம் மொத்தத்துக்கும் அவர்கள் வீட்டுக் கதவு மறுபேச்சில்லாமல் திறந்தது. சித்தப்பா எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். களை தெரிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அக்காவும் அத்தானும் போனில் பேச ஆரம்பித்தார்கள். கல்யாணம் வரை அக்கா வீட்டில் வேறு யாரோடும் பேசவில்லை.

அந்த அத்தான்தான் இப்போது வாசலில் நின்றார்.

"கதவு ரிப்பேரு" என்று சித்தப்பா தீர்ப்புச் சொல்லித் தன் விரலைக் காட்டினார்.

"வாங்க, நம்மாளு!" என்றது கதவு, ரிப்பேர் இல்லாத குரலில்.

மாப்பிள்ளையின் அம்மா பகவதி அத்தை விரலைக் காட்டினார். ஆள் தெரியலையே. அவர் அண்ணன் காட்டினார். ஆள் தெரியலையே. பட்டுப்பாவாடை கட்டிய சின்னப் பெண் ஒருத்தி காட்டினாள். தன்னிடம் மன்னிப்புக் கேட்கும் ஒரு கதவை அவள் அதுவரை பார்த்ததில்லை. திரும்பத் திரும்பக் காட்டிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

வாசலுக்கு வெளியே உப்புமாப் பந்தல் என்று ஒன்று உண்டு. ஆபீஸ்காரர்கள், பள்ளித் தோழிகள் முதலான ஆள் தெரியாதவர்களுக்கு அங்கேதான் உபசாரம். உள்ளே இலை நிறைய விருந்து. வெளியே உப்புமா, காபி, தாம்பூலப் பை. காலேஜ் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் என் நண்பர்கள் காலையிலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஜெபஸ்டின் என்பவன் பெரிய தட்டோடு எழுந்து வந்து அத்தானுக்கு நாற்காலி போட்டான்.

"உக்காருங்கண்ணே. மொதல்ல கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கும். அவியல் வாசம் வர ஆரம்பிச்சா அதைவிட சங்கடமா இருக்கும்."

சித்தப்பா என் சட்டைக் காலரைப் பிடித்தார். "ஏல கோமு, நீ கம்ப்யூட்டருதானல படிக்கே? என்னன்னு பாருல. முகூர்த்தம் போயிட்டிருக்கு."

நான் கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். நெட்வொர்க்ஸ் பேப்பரில் அரியர் வைத்திருக்கிறேன் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். அரியரில் ஒரு நன்மை உண்டு. பாஸானவர்கள் மறந்துவிட்ட பாடம் நமக்கு நினைவில் இருக்கும்.

"சித்தப்பா, நம்ம மாஸ்க் எவ்வளவு?"

"இருபது."

"இருபதுன்னா என்ன அர்த்தம்?"

"இருபதுன்னா இருபதுதாம்ல. நம்ம சங்கம் ஆரம்பிச்சதுல இருந்து இருபது."

அவரைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு இழுத்துப் போனேன். முதல் பந்திக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வரிசைக்குப் பதினாறு இலை. நான்கு வரிசை.

"எண்ணுல எவ்வளவு தூரம் ஒத்துப்போனா சொந்தம்னு சொல்றதுதான் மாஸ்க். நம்ம இருபது, முதல் ரெண்டு எண்ணையும் முழுசாப் பாக்கும். மூணாவது எண்ணைப் பதினாறு பதினாறா வெட்டும். இந்தப் பந்தி மாதிரி. ஒரே வரிசைல இருந்தா சொந்தம். முதல் இலை பூஜ்யம்."

"பூஜ்யத்துல எவம்ல உக்காருவான்?"

"கம்ப்யூட்டர் அங்கருந்துதான் எண்ணும் சித்தப்பா. பூஜ்யத்துல இருந்து பதினஞ்சு வரை முதல் வரிசை. பதினாறுல இருந்து?"

சித்தப்பா இரண்டாம் வரிசையோடு விரலை நீட்டி எண்ணிக்கொண்டே நடந்தார். "பதினாறு, பதினேழு..." வரிசையின் கடைசியில் நின்றார். "முப்பத்தொண்ணு. நாம இங்கன இருக்கோம். கடைசி இலை."

"மாப்பிள்ளை முப்பத்திரண்டு."

சித்தப்பா பக்கத்தில் பார்த்தார். பக்கத்தில் சுவர்தான் இருந்தது. மெதுவாகத் திரும்பி, கூடத்தின் நீளம் முழுவதும் நடந்து மறுமுனைக்குப் போனார்.

"மூணாம் வரிசை" என்றார். "முதல் இலை."

"ரெண்டாம் வரிசைல பாயசம் ஊத்துறப்ப மூணாம் வரிசைல என்ன நடக்கும்?"

சித்தப்பா பல கல்யாணங்களில் முன்னால் நின்று பந்தி விசாரித்தவர். "கூட்டு வச்சிருப்பான். சாதம் வந்திருக்காது" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. "அடப்பாவி! அடுத்த எண்ணா இருந்தும் வேற வரிசையா!"

"கதவு வரிசையைத்தான் பாக்கும். இலை எவ்வளவு பக்கம்னு பாக்காது."

"பெறவு நிச்சயத்தன்னைக்கு அவிய கதவு நமக்கு எப்படில தொறந்துச்சு?"

அது எனக்கும் தெரியவில்லை. வாசலுக்கு ஓடினோம். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் சித்தப்பா, அந்தப் பக்கம் பகவதி அத்தை.

"சம்பந்தி, உங்க வீட்டுக் கதவுக்கு மாஸ்க் எவ்வளவு?"

"பதினாறு அண்ணாச்சி" என்றார் பகவதி அத்தை. "முதல் ரெண்டு எண்ணு ஒத்துப்போனா போதும்னு வச்சிருக்கோம். அதுக்கு மேல எண்ணிப் பாக்க எங்க வீட்ல யாருக்கும் பொறுமை கெடையாது."

சித்தப்பா என் பக்கம் குனிந்தார். "அப்ப அவியளுக்கு நாம சொந்தம்?"

"ஆமா."

"நமக்கு அவிய வெளியாளு?"

"ஆமா."

"அது எப்படில? சொந்தம்னா ரெண்டு பக்கமும்தான இருக்கணும்?"

"யாரு கணக்குப் போடுறாங்களோ, அவங்க மாஸ்க்கைப் பொறுத்தது சித்தப்பா."

சித்தப்பாவுக்கு வியர்த்தது. பின்னால் சங்கத்துப் பெரியவர்கள் வட்டமாகக் கூடியிருந்தார்கள். அதில் ஒருவர் தொண்டையைச் செருமி, "ஆவுடையப்பா, வெளிவலைல பொண்ணு குடுக்கறதில்லைன்னு நீதான மைக்கைப் பிடிச்சுச் சொல்லுவே?" என்றார். இன்னொருவர், "நிறுத்திறது நல்லதுன்னு நான் சொல்லல. ஆனா சொல்லாமலும் இருக்க முடியல" என்றார். அப்பா சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். தன் கல்யாணத்திலும் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் தாலி கட்டினாராம்.

கடைசியில் சித்தப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். "சமையக்காரங்களுக்குக் குடுக்கமே, அந்த வேலையாள் அனுமதி. அதை மாப்பிள்ளைக்கும் குடுத்துருவோம். சாயங்காலம் வரை செல்லும். யாரும் எதுவும் கேக்க முடியாது."

வாசலில் இருந்து அத்தான் உற்சாகமாக, "எனக்குச் சம்மதம் மாமா. வேணும்னா கையில ஒரு கரண்டியும் குடுங்க" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம்."

அக்கா. மணமேடையிலிருந்து கூரைப்புடவையோடு இறங்கி வந்திருந்தாள். பின்னால் ரெண்டு பெண்கள் அவள் ஜடையில் பாதி குத்திய பூவைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார்கள்.

"சித்தப்பா, எனக்குத் தாலி கட்டப்போறவரு வந்து நிக்கறப்ப அந்தக் கதவு 'வேலையாள் வருகிறார்'னு மைக்ல சொல்லும். நான் அதைக் கேட்டுக்கிட்டு மணையில குனிஞ்சு உக்காந்திருக்கணுமா?"

"சத்தத்தைக் குறைச்சு வைக்கச் சொல்லுதேன்மா."

"சாயங்காலம் அனுமதி முடிஞ்ச உடனே அவரை வெளிய அனுப்பிருவீங்களா? பந்தி பாத்திரத்தோட சேத்தா?"

சித்தப்பா பெரியவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவரு உள்ள வரக் கூடாதுன்னா நான் வெளிய போறேன்" என்றாள் அக்கா. "உப்புமாப் பந்தல்ல வச்சுத் தாலி கட்டிக்கிடுதேன். ஏல கோமு, அந்த மணையைத் தூக்குல."

நான் மணையைத் தூக்கினேன். வெளியே ஜெபஸ்டின் உப்புமா அண்டாவை நகர்த்தி இடம் ஒதுக்க ஆரம்பித்தான். தான் செயலாளராக இருக்கும்போது சங்கத்துப் பெண்ணுக்கு உப்புமா அண்டாவுக்குப் பக்கத்தில் கல்யாணம் நடந்தது என்ற செய்தி எத்தனை வருஷம் ஊரில் உயிரோடு இருக்கும் என்று சித்தப்பா யோசிப்பது அவர் மீசையில் தெரிந்தது.

"மணையை வைல" என்றார். "மாஸ்க்கைக் குறைச்சா என்ன? பத்தொம்பது ஆக்கினா?"

"ரெண்டு வரிசையை ஒண்ணாச் சேக்கும்."

"அப்ப ரெண்டையும் மூணையும் சேரு!"

"அப்படிச் சேராது சித்தப்பா. ஒண்ணும் ரெண்டும் சேரும். மூணும் நாலும் சேரும். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல உள்ள கோடு போகணும்னா பதினெட்டு ஆக்கணும். நாலு வரிசையும் ஒரே பந்தி ஆயிரும்."

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். "முதல் வரிசைல யாரு இருக்கான்னு தெரியும்லா?"

எனக்கு மட்டுமில்லை, ஊருக்கே தெரியும். முதல் வரிசைக்காரர்கள் எங்கள் பழைய சொந்தம். கோயில் கொடை விழாவில் பாயசம் முதலில் யாருக்கு என்ற தகராறில் பிரிந்து போனவர்கள். சித்தப்பாவுக்கும் அவர்களுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

"சரி, போகட்டும். நாலாம் வரிசை யாரு?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். "நாப்பத்தெட்டுல இருந்து அறுபத்து மூணு. எங்க காலேஜ் ஹாஸ்டல்."

சித்தப்பா மெதுவாக வாசல் பக்கம் திரும்பினார். பந்தலில் இருந்து மொத்த ஹாஸ்டலும் எழுந்து நின்று கும்பிட்டது.

"வணக்கம் சித்தப்பா!" என்றான் ஜெபஸ்டின்.

"இவன் என்னை எதுக்குல சித்தப்பாங்கான்?"

"பழகிப் பாக்கான்."

முகூர்த்தம் முடியப்போகிறது என்று ஐயர் மேடையிலிருந்து குரல் கொடுத்தார். சித்தப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா சித்தப்பாவைப் பார்க்கவில்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கம், ஒரு காலைச் செருப்புக்கு வெளியே வைத்துக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா சுவரில் இருந்த பலகையைத் திறந்தார். இருபதை அழித்துப் பதினெட்டு போட்டு, கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"வாங்க, நம்மாளு!" என்றது கதவு. பிறகு நெடுநேரம் அது வேறு எதுவுமே சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு தடவை, பகவதி அத்தைக்கு ஒரு தடவை, பட்டுப்பாவாடைப் பெண்ணுக்கு ஏமாற்றத்தோடு ஒரு தடவை, கடைசியாக ஹாஸ்டலுக்கு, மூச்சு விடாமல்.

தாலி கட்டி முடிந்தது. அக்கா அழவில்லை. சித்தப்பா அழுதார். ஆனால் அது நாலாம் வரிசைக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்த பிறகு.

அவியல் முதல் பந்தியிலேயே தீர்ந்தது. வடை எப்போது தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. சங்கத்துப் பெரியவர்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோது அவர்கள் இலைக்கு வந்தது உப்புமா. "நல்லாத்தான இருக்கு. இத்தனை நாளா வெளியவே குடுத்துட்டோம்" என்றார் அதில் ஒருவர்.

அடுத்த இரண்டு நாள் சித்தப்பாவுக்கு வந்த புகார்களைச் சொன்னால் முடியாது. சங்கத்து ஆட்களின் வீட்டுக் கதவுகள் எல்லாவற்றுக்கும் அதே மாஸ்க்தான்; எந்தப் பலகையில் மாற்றினாலும் எல்லாவற்றிலும் மாறும். ஹாஸ்டல் பையன்கள் எந்த வீட்டில் காபி நன்றாக இருக்கும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஜெபஸ்டினுக்கு ஒரு வீட்டில் தனி டம்ளரே வைத்திருந்தார்கள். முதல் வரிசைக்காரர் ஒருவர் சித்தப்பாவின் வீட்டுக்குள் வந்து, சோபாவில் உட்கார்ந்து, டி.வி. பார்த்துவிட்டுப் போனார். பேசவில்லை. பேச்சு வார்த்தை இல்லை என்பது இன்னும் அமலில்தான் இருந்தது.

மறுவீட்டு அழைப்பன்று அக்காவும் அத்தானும் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வரவேண்டும். மாடியில் நான்கு வரிசையாக இலை போட்டிருந்தது. அவர்கள் வருவதற்கு முன்பே சித்தப்பா வந்து வாசல் சுவரில் இருந்த பலகையைத் திறந்தார்.

"என்ன சித்தப்பா பண்ணுதீய?"

"பழையபடி இருபது ஆக்கப்போறேம்ல. கல்யாணம்னு ஒரு அவசரத்துக்குச் செஞ்சது. அதுக்காகக் கண்டவனும் வந்து என் சோபால உக்காரதா?"

"தாணு அத்தான்?"

"மாப்பிள்ளைக்கு ஏதாவது ஒரு வழி பண்ணுவோம். வாரப்ப போறப்ப நானே வந்து தொறந்து விடுதேன். பொண்ணுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லைல்லா? அவ நம்ம பொண்ணு." அவர் விரல் பலகைக்கு மேல் போனது.

"சித்தப்பா, அக்காவுக்கு இன்னைக்குக் காலைல புது எண் வந்துட்டு."

"வரட்டுமே."

"அத்தான் வீட்டு எண்ணு. 10.84.32.12."

"நல்ல எண்ணு" என்றார் சித்தப்பா, களை பார்த்து. அப்புறம் விரல் நின்றது. உதடு அசைந்தது. பலகையை விட்டுவிட்டு இடது கைவிரல் கணுக்களில் கட்டைவிரலை வைத்து எண்ண ஆரம்பித்தார். "பதினஞ்சு வரை ஒண்ணாம் வரிசை. முப்பத்தொண்ணு வரை நம்ம வரிசை..." அதற்கு மேல் கணுவைத் தேடவில்லை.

"இதுக்குத்தாம்ல வெளிவலைல குடுக்கறதில்லை" என்றார் மெதுவாக. பிறகு கையை இறக்கி, "குடுத்தாச்சே" என்றார்.

தெருவில் ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோ நிற்பதற்குள் அக்கா குதித்து இறங்கினாள். அத்தான் பழக்கூடையோடு பின்னால் வந்தார். சித்தப்பா பலகையைப் பார்த்தார். அதில் பதினெட்டு என்று இருந்தது. ஆனாலும் அக்கா கட்டைவிரலை நீட்டியபோது, தான் எதையாவது தெரியாமல் அழுத்திவிட்டோமோ என்ற சந்தேகத்தில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க, நம்மாளு!"

"வேற யாருன்னு நெனச்சே?" என்று கதவைக் கேட்டுவிட்டு அக்கா உள்ளே வந்தாள். "என்ன சித்தப்பா, வாசல்லயே நிக்கிய? உங்களையும் உள்ள விடலையா?"

சித்தப்பா பலகையை மூடினார். அக்காவுக்குப் பின்னால் அத்தான் வந்தார். அத்தானுக்குப் பின்னால், எப்படியோ மோப்பம் பிடித்து, கையில் தன் டம்ளரோடு ஜெபஸ்டினும் வந்தான். கதவு அவனையும் நம்மாளு என்றது. சித்தப்பா அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"நீ எத்தனைல?"

"அம்பது சித்தப்பா."

சித்தப்பா கணக்குப் போட்டார். இந்தத் தடவை விரல் தேவைப்படவில்லை. "நாலாம் வரிசை, மூணாவது இலை. போ, போயி உக்காரு."

பிறகு மாடிப்படி ஏறிப் பாதியில் நின்று, பாயச வாளியோடு தயாராக நின்றவர்களைப் பார்த்து, கொடை விழாவில் மைக் இல்லாமல் பேசும் குரலில் சொன்னார்:

"ஏய், இன்னைக்குப் பாயசத்தை மூணாம் வரிசைல இருந்து ஆரம்பிங்க!"